மாணவர் சொல் அம்பலம் ஏறுமா?

மகிந்த ராஜபக்ஷவின் ஆட்சிக் காலத்தில் கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் ஜனாதிபதி மாளிகையொன்று எழுப்பப்பட்டது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் விட்டகன்ற மண்ணில், அவர்களிற் பலர் வீடு திரும்பாதிருந்த காலத்திலேயே அது கட்டப்பட்டமை அன்று பெரும் விமர்சனத்துக்குள்ளானது. அந்தக் கட்டடத்தை உயர்கல்வி நிலையமாக மாற்றலாம் என்னும் யோசனையும் பின்னாளில் முன்வைக்கப்பட்டது. மாளிகை கல்விக்கூடமாவதை எவரும் வெறுக்கப்போவதில்லை. ஆயினும், ஒரு பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகம் ஆக்குவது கட்டடமா, கற்பித்தலா என்ற வினா இவ்விடத்தில் எழுதல் தவிர்க்க முடியாதது. வடக்கிலும் கிழக்கிலும் கட்டடங்கள் உயர்ந்துள்ளன, பீடங்கள் பெருகியுள்ளன. அவற்றினுள் அமர்ந்திருக்கும் மாணவர் தமக்குக் கிடைக்கும் கற்பித்தலையும் ஆதரவையும் பற்றி என்ன நினைக்கின்றனர் என்பதை அறிய நாம் எடுத்துக்கொண்ட முயற்சி அந்த வேகத்தில் வளரவில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. எமது சமூகங்களின் உயர்கல்வி அரசியல் பெரும்பாலும் வாசலிலேயே நடந்து முடிந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் யார் உள்ளே நுழைவது என்ற வினாவையே முதன்மைப்படுத்தின. யாழ்ப்பாணத்து மாணவரை அந்த ஏற்பாடுகள் கடுமையாகப் பாதித்தன. மாவட்ட ஒதுக்கீடு மறுபுறத்தில் வன்னி, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு வழி திறந்தது. இன்று நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டத் திறமை, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற அடிப்படையில் அனுமதி நடைபெறுகின்றது. அரை நூற்றாண்டாக வெட்டுப்புள்ளியைப் பற்றி விவாதித்த நாம், அதைத் தாண்டி உள்ளே சென்ற பிள்ளை நான்கு ஆண்டுகளில் என்ன பெற்று வெளியே வருகின்றது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கின்றோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கதையும் அனுமதிக்கான அந்தப் போராட்டத்தோடு பின்னிப்பிணைந்ததே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் திருநெல்வேலி வளாகத்தில் 1974ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக அது தொடங்கிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவர். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. போரின் நடுவே, இடப்பெயர்வுகளின் நடுவே, மின்சாரமும் நூல்களும் இல்லாத ஆண்டுகளில் அங்கே விரிவுரைகள் நடந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன. நிறுவனத்தை அணையவிடாமற் காத்த ஆசிரியர்கள் எம் நன்றிக்குரியவர்கள். ஆனால் தப்பிப் பிழைத்தலே சாதனையாக இருந்த காலத்தில் கேட்க முடியாதிருந்த கேள்விகளை, போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கு மேலாகிவிட்ட இன்றும் கேட்காதிருப்பதற்கு நியாயம் இல்லை.

கேட்பதற்கான ஏற்பாடே இல்லை என்று கூறிவிட முடியாது. 2000களின் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தர உறுதிப்பாட்டு முறைமையொன்றை உருவாக்கி வந்துள்ளது. 2004ஆம் ஆண்டளவில் பாடத்துறை மீளாய்வுகள் ஆரம்பமாகின. 2015இல் வெளியான பட்டக் கற்கைநெறி மீளாய்வுக் கைந்நூல் எட்டு அளவுகோல்களை வகுத்துள்ளது. அவற்றுள் ஒன்று கற்பித்தலும் கற்றலும். மற்றொன்று கற்றற் சூழல், மாணவர் ஆதரவு, முன்னேற்றம் ஆகியவை பற்றியது. மீளாய்வுக்கு வரும் குழுவினர் மாணவரையும் சந்தித்து உரையாடுகின்றனர். பாட அலகின் முடிவில் மாணவரிடம் வினாக்கொத்து வழங்கிப் பின்னூட்டம் பெறுதல் இன்று துறைகளிடம் எதிர்பார்க்கப்படும் ஒரு நடைமுறை. ஆகவே குறைபாடு கேளாமையில் அன்று. கேட்டபின் நிகழ்வதிலேயே, அதாவது பெரும்பாலும் ஒன்றும் நிகழாமையிலேயே உள்ளது.

வினாக்கொத்து நிரப்பப்படுகின்றது, கோப்பிலே சேர்கின்றது, மீளாய்வுக் குழு வரும்போது சான்றாகக் காட்டப்படுகின்றது. நிரப்பிய மாணவனுக்கு அதன் முடிவு பெரும்பாலும் தெரிவதில்லை. பாட இறுதியிற் கேட்கப்படுவதால், அவன் சொன்னது பயன்பட்டாலும் அடுத்த அணியினருக்கே பயன்படும். தான் சொன்னதால் எதுவும் மாறாது என்று கண்டுகொண்ட மாணவன் அடுத்த முறை எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணுக்கு வட்டமிட்டுவிட்டு எழுந்து செல்கின்றான். அந்த எண்களைக் கூட்டிச் சராசரி கண்டு, 'மாணவர் திருப்தியடைந்துள்ளனர்' என்று அறிக்கை எழுதினால் அது யாரை ஏமாற்றுவது?

அச்சம் இதனினும் ஆழமான தடை. எமது துறைகள் சிறியவை. சிறப்புக் கற்கைநெறியொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே இருக்கலாம். பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்தை வைத்து ஆளை அறிந்துவிட முடியும். விடைத்தாளைத் திருத்துபவரும், ஆய்வேட்டை மேற்பார்வை செய்பவரும், நாளை உதவி விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில் அமர்ந்திருக்கக்கூடியவரும் ஒருவரே. இந்நிலையில் மாணவர் மெளனம் காப்பதைக் கோழைத்தனம் என்று கூற இயலாது. அது கணக்குப் போட்டு எடுக்கப்படும் முடிவு.

குருவை விமர்சிப்பது எமது பண்பாடு அன்று என்று சிலர் கூறுவர். இக்கூற்று எம் மரபையே சரியாக அறியாதது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கனின் இலக்கணத்தைக் கூறுமுன்னரே ஆசிரியனின் இலக்கணத்தை வகுத்துவிடுகின்றார். அதுமட்டுமன்று, ஆசிரியராகத் தகாதவரையும் நான்கு உவமைகளால் காட்டுகின்றார். இட்ட முறையில் வெளிவராத கழற்காய்க் குடம், ஏறவொட்டாது தானாகத் தந்தால் மட்டுமே பயன்தரும் மடற்பனை, அடைக்கவும் எடுக்கவும் அரிதான பருத்திக் குண்டிகை, நீர் ஊற்றியவனுக்கன்றி அயலானுக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு என்பன அவை. ஒழுங்கற்ற விரிவுரை, அணுக முடியாத விரிவுரையாளர், துளித்துளியாகச் சொட்டும் குறிப்பு, தன் மாணவரை விடுத்து வெளிவேலைகளில் நேரத்தைச் செலவிடும் புலமையாளர் என இந்த நான்கையும் இன்றைய மாணவர் இலகுவில் அடையாளங் காண்பர். இஸ்லாமியக் கல்வி மரபிலும் மாணவன் ஆசானைத் தேடி ஊர்விட்டு ஊர் பயணம் செய்தான். ஆசானிடமிருந்து பெறும் 'இஜாஸா' என்னும் அனுமதி நிறுவனத்தின் பெயரால் அன்றி அந்த ஆசானின் பெயராலேயே மதிப்புப் பெற்றது. ஆசானை எடைபோட்டுத் தேர்வது அங்கே அவமரியாதையாகக் கருதப்படவில்லை.

மாணவர் வாய்திறந்து சொல்லாததை அவர்தம் நடத்தை சொல்லிவிடுகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் 'குப்பி' என்றொரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும்போது, பாடத்தை விளங்கிக்கொண்ட மாணவரோ மூத்த மாணவரோ ஏனையோரை அமர்த்தி இரவிரவாகக் கற்பிப்பதே குப்பி. நாட்டின் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் உயர்கல்வி பற்றி ஆங்கில நாளேடொன்றில் எழுதிவரும் பத்திக்கே இப்பெயரைத் தேர்ந்துள்ளனர். குப்பி தோழமையின் அழகிய வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. அதேவேளை அது ஒரு பின்னூட்டமும் ஆகும். எந்தப் பாடத்துக்குக் குப்பி நிரம்பி வழிகின்றது, எந்தப் பாடத்துக்கு அது தேவைப்படுவதில்லை என்று ஒரு துறைத்தலைவர் விசாரித்தறிந்தால், ஆயிரம் வினாக்கொத்துகள் சொல்லாததை அது அவருக்குச் சொல்லும். விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் கேட்டு விளங்காதது குப்பியில் தமிழில் விளங்குகின்றதாயின், குறை மாணவனின் அறிவில் இல்லை என்பதும் தெளிவாகும்.

மொழி இங்கே மையமான பிரச்சினை. வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய குடும்பமொன்றிலிருந்து வரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். க.பொ.த. உயர்தரம் வரை தமிழிலேயே கற்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுவது. கீரிமலையிலிருந்து திருநெல்வேலிக்கு நாள்தோறும் பேருந்தில் வந்துபோகின்றது. விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் கற்கைகளில் முதல் நாள் முதலே ஆங்கிலம். ஆங்கில மொழி கற்பித்தலுக்கெனத் தனி அலகு உண்டு. தொடக்கப் பயிற்சிகளும் உண்டு. ஆயினும் சில வாரங்களின் பொதுவான ஆங்கிலப் பயிற்சி, இரசாயனமோ பொருளியலோ ஆங்கிலத்தில் கேட்டு, சிந்தித்து, விடையெழுதும் ஆற்றலைத் தந்துவிடாது. அந்த ஆதரவு பாடத்துறைக்குள்ளேயே, பாடத்தோடு இணைந்து கிடைக்கவேண்டியது. அது கிடைக்கின்றதா என்று வினாக்கொத்து கேட்பதில்லையெனில், அந்தப் பிள்ளையின் முதற் பெரும் இடர்ப்பாடு பதிவேட்டில் இடம்பெறாமலே போய்விடும்.

இதனை ஒரு எளிய கணக்கு மேலும் தெளிவாக்கும். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு திறமைப்புள்ளி ஐம்பது கற்றல் மணித்தியாலங்களைக் குறிக்கும். விரிவுரை வழிக் கற்கையாயின் அதில் பதினைந்து மணித்தியாலங்களே வகுப்பறைக்குரியவை. மூன்று திறமைப்புள்ளிப் பாடமொன்றின் 150 மணித்தியாலங்களில் 45 மட்டுமே விரிவுரையாளர் முன்னிலையில் கழிகின்றன. எஞ்சிய 105 நூலகத்தில், விடுதியில், வீட்டில், பேருந்தில் கழிகின்றன. அதாவது கற்றலில் பத்தில் ஏழு பங்கு வகுப்பறைக்கு வெளியே நிகழவேண்டும் என்று எமது சொந்தக் கட்டமைப்பே கூறுகின்றது. நாம் மாணவரிடம் கேட்பதோ பெரும்பாலும் விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா, குரல் கேட்டதா, பாடத்திட்டம் நிறைவுற்றதா என்பவற்றையே. மீதிப் பத்தில் ஏழு பங்கையும் யார் கேட்பது?

விரிவுரைக்கு வெளியேயான ஆதரவு என்பது பல முகங்களைக் கொண்டது. ஒப்படையைத் திருத்தி, எங்கே பிழை என்று எழுதித் திருப்பித் தருவது ஓர் ஆதரவு. பெறுபேற்றை அடுத்த அரையாண்டு தொடங்குமுன் வெளியிடுவது ஓர் ஆதரவு. மாணவர் ஆலோசகர் என்ற பதவி பெயர்ப்பலகையில் மட்டுமன்றிக் குறித்த நேரத்தில் திறந்த கதவாக இருப்பதும் ஆதரவே. 1997இல் பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததை அடுத்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பகிடிவதை ஒழியவில்லை. முதலாண்டு மாணவன் நம்பிச் சென்று முறையிடக்கூடிய ஒருவர் தன் துறையிலேயே இருக்கின்றாரா என்பதே இதில் தீர்மானமான வினா. 2025இல் மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இன்றைய விலைவாசியில் விடுதி, உணவு, நிழற்பிரதி, இணையம் எல்லாவற்றுக்கும் அது போதாது என்பதை எந்தப் பெற்றோரும் அறிவர். பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவரின் வருகை குறையும்போது, வருகைப் பதிவேடு மட்டும் பேசுகின்றது, காரணம் பேசுவதில்லை.

முஸ்லிம் மாணவரின் அனுபவம் இங்கே தனியாக நோக்கத்தக்கது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணக் கல்விச் சமூகம் தன் உறுப்பொன்றை இழந்தது. பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்றோர் பல ஆண்டுகள் கற்பித்த பல்கலைக்கழகம் அது. வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியில் கற்று, இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமாகிய ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடக்கிவைத்தார். வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நிலைத்து நிற்கக் கைகொடுக்கவும் வேண்டும் என்பதை அவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். இன்று மன்னாரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் யாழ்ப்பாணம் வரும் முஸ்லிம் மாணவரிடம் வெள்ளிக்கிழமை நண்பகலில் விரிவுரை வைக்கப்படுகின்றதா, நோன்புக் காலப் பரீட்சை அட்டவணை எவ்வாறு உள்ளது, விடுதி உணவு பொருந்துகின்றதா என்று துறைகள் வினவுகின்றனவா? அதே வினாக்கள் மறுதலையாகவும் கேட்கப்பட வேண்டும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டு பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் மாணவருக்கும் அவர்தம் திருநாள்களும் தேவைகளும் உண்டு. சிறுபான்மையினுள் சிறுபான்மையாக இருப்பவர் வாக்கு, சராசரி எண்ணில் கரைந்துபோகும். நூறு பேரில் ஐவர் இடர்ப்பட்டால் சராசரி அசையாது. ஆனால் அந்த ஐவருக்கு அது நூறு வீத இடர்ப்பாடு.

பிற நாடுகளின் அனுபவம் இரு பாடங்களைத் தருகின்றது. பிரித்தானியாவில் 2005 முதல் இறுதியாண்டு மாணவரிடம் தேசிய மாணவர் கருத்தாய்வு நடத்தப்படுகின்றது. கற்பித்தலுக்கு நல்ல புள்ளி வழங்கிய மாணவரும், மதிப்பீட்டுக்கும் அதன்மீதான பின்னூட்டத்துக்கும் ஆண்டுதோறும் குறைந்த புள்ளியே வழங்கினர். இதனால் ஒப்படைகளை விரைவாகத் திருத்தித் தருவதில் பல்கலைக்கழகங்கள் கவனஞ் செலுத்த நேர்ந்தது. முடிவுகள் துறைவாரியாகப் பகிரங்கப்படுத்தப்பட்டதே இதற்குக் காரணம். ஆனால் அதே கருத்தாய்வு கட்டண உயர்வோடு தொடர்புபடுத்தப்பட்டபோது 2017இல் மாணவர் ஒன்றியம் அதனைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. மாணவர் கருத்தைப் பணத்தோடு கட்டினால் கருத்து மாசுபடும் என்பது அதன் படிப்பினை. இந்தியாவிலும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை 2017 முதல் மாணவர் திருப்திக் கருத்தாய்வைத் தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது.

மறுபுறத்தில், விரிவுரையாளர்களின் அச்சங்களும் ஆதாரமற்றவை அல்ல. மாணவர் வழங்கும் புள்ளிக்கும் அவர்கள் உண்மையில் கற்ற அளவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என 2017இல் வெளியான தொகுப்பாய்வொன்று கண்டது. ஒரே ஆசிரியர் இணையவழியில் ஆணின் பெயரில் கற்பித்தபோது பெண்ணின் பெயரில் கற்பித்தபோதிலும் உயர்ந்த புள்ளி பெற்றதை 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கண்டிப்பான ஆசிரியர் தண்டிக்கப்படலாம். புள்ளிகளை வாரி வழங்குபவர் புகழப்படலாம். ஆகவே இந்த எண்களைக் கொண்டு பதவியுயர்வை நிறுத்துவதோ வழங்குவதோ அநீதி. அதற்காகக் கேளாமலே விட்டுவிடுவது நோயாளி தன் நோயின் பெயரை அறியான் என்பதற்காக அவனுக்கு எங்கே வலிக்கின்றது என்று மருத்துவர் கேட்க மறுப்பதற்கு ஒப்பானது. எது சரியான கற்பித்தல் என்று தீர்ப்பளிக்க மாணவனால் இயலாதிருக்கலாம். தனக்கு எங்கே விளங்கவில்லை, யாரிடம் உதவி கேட்டுக் கிடைக்கவில்லை என்பதை அவனைவிட நன்கறிந்தவர் எவருமில்லை.

விரிவுரையாளர்களின் சுமையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதம் ஒதுக்குமாறு கோரி 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிய கல்வியாளர் பலர். வெற்றிடங்களை நிரப்புவதற்கு அரசு விதித்த கட்டுப்பாடுகள் எஞ்சியோர் தோளில் சுமையேற்றின. மூவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்யும் துறையில் ஒப்படைகள் தாமதமாகத் திரும்புவதற்கு அந்த ஒருவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையன்று. உண்மையில் நேர்மையாகத் திரட்டப்பட்ட மாணவர் கருத்து, ஆசிரியர்களுக்கே ஆயுதமாகும். 'எமக்கு ஆள் வேண்டும்' என்று துறைத்தலைவர் எழுதும் கடிதத்தைவிட, 'எமது ஆய்வேடுகளை மேற்பார்வை செய்ய ஆளில்லை' என்று மாணவர் தரும் சான்று கொழும்பில் வலுவாக ஒலிக்கும்.

எனவே செய்யவேண்டியவை பெருஞ் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, அரையாண்டின் நடுப்பகுதியிலேயே, ஐந்தாம் ஆறாம் வாரத்தில், இரண்டே கேள்விகளாயினும் கேட்கப்பட வேண்டும். அப்போதுதான் கேட்ட அணியினருக்கே பயன் கிட்டும். இரண்டாவதாக, பதில்களைப் பாடத்தைக் கற்பிப்பவரன்றித் துறைக்கு வெளியே உள்ள தர உறுதிப்பாட்டு அலகு திரட்ட வேண்டும். சிறிய வகுப்புகளின் கருத்துகள் ஆண்டுவாரியாகச் சேர்க்கப்பட்டு, பெறுபேறுகள் வெளியான பின்னரே விரிவுரையாளரிடம் செல்லவேண்டும். நடுப்பகுதியில் கேட்பவை மட்டும் பெயரும் கையெழுத்தும் இன்றித் தட்டச்சுச் சுருக்கமாக உடன் வழங்கப்படலாம். மூன்றாவதாக, மொழி ஆதரவு, ஒப்படைப் பின்னூட்டம், ஆலோசனை, மதத் தேவை, பாதுகாப்பு ஆகியவை தனித்தனியே வினவப்பட வேண்டும். நான்காவதாக, பீடச் சபைகளில் அமரும் மாணவர் பிரதிநிதிகள் ஊர்வலங்களுக்கும் விழாக்களுக்கும் மட்டுமன்றி இவ்விடயங்களுக்கும் குரல்தர வேண்டும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஐந்தாவது. ஒவ்வோர் அரையாண்டின் தொடக்கத்திலும் துறையின் அறிவித்தற் பலகையில் ஒரு பக்க அறிக்கை ஒட்டப்பட வேண்டும். நீங்கள் இவற்றைச் சொன்னீர்கள், இவற்றை மாற்றினோம், இவற்றை இன்ன காரணத்தால் மாற்ற இயலவில்லை. இயலாது என்று காரணத்தோடு சொல்லப்படும் பதிலும் மரியாதையே. பதிலே வராத இடத்தில்தான் மாணவர் பேசுவதை நிறுத்துகின்றனர். அல்லது வாயிற்கதவை மூடிப் போராடுகின்றனர். எமது பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி மிகக் குறுகலாகவே இருந்து வந்துள்ளது.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது பழமொழி. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் அரச பல்கலைக்கழகங்களில் நுழையும் இந்நாட்டில், காணியிழந்து, வீடிழந்து, மூன்று தலைமுறை முகாம் வாழ்வைக் கண்ட குடும்பங்கள் தம் பிள்ளையின் பட்டத்தின் மீதே எதிர்காலத்தை வைத்துள்ளன. அந்தப் பட்டம் தாளாக மட்டும் எஞ்சுமா, தகைமையாக விளங்குமா என்பது துறைகளின் வகுப்பறைகளில்தான் தீர்மானமாகின்றது. அங்கே அமர்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்காமல் அதனை அறிவதற்கு வேறு வழியில்லை. கடலோரத்து மாளிகை என்றேனும் கல்விக்கூடமானால், அதன் முதல் நாளிலேயே கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே.